போர்ப் படமும் நிஜச் சண்டையும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ப் படம் ஏதாவது வந்துவிட்டால் ஜங்ஷன், டவுன், பாளை என்று எந்த டீக்கடைக்குப் போனாலும் இதே பேச்சுதான். கட்டபொம்மனும் ஊமைத்துரையும் சண்டை போட்ட சீமையில் பிறந்துவிட்டு, திரையில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினால் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியுமா? நண்பர்களும் தம்பிமார்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பாளையக்காரர் காலத்துச் சண்டைதான். கடைசிப் பக்கம் கொஞ்சம் கார்கில் வரும்.

சண்டைக் காட்சி நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க, முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவில் அந்த ஆள் என்ன செய்கிறான் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

துப்பாக்கியின் உருவத்தைச் சரியாகச் செய்ய ஒரு நல்ல கலை இயக்குநரும் ஒரு தச்சரும் போதும். ஆனால் அந்தக் காலத்துத் துப்பாக்கியைச் சுட்டு முடித்தவன் கையில் இருப்பது, மறுபடி குண்டு போடும்வரை, அடுத்த 20 நொடிக்கு வெறும் தடி. இது இயக்குநருக்குப் புரிந்திருந்தால் காட்சியின் அமைப்பே மாறிவிடும். யார் எப்போது ஓடுவது, எப்போது படுப்பது, எப்போது வாளை உருவுவது எல்லாம் அந்த இடைவெளியை ஒட்டித்தான் நடக்கும். இது தெரியாமல் எடுத்த படத்தில் ஆயிரம் பேர் ஓடினாலும் எனக்கு ஒட்டுவதில்லை.

இரண்டாவதாக எடையைப் பார்ப்பேன். கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கி ஏறக்குறைய நாலரைக் கிலோ. அதோடு தோட்டாப் பை, தண்ணீர், கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டை. சித்திரை வெயிலில் இத்தனையும் சுமந்து ஓடி வந்தவன், நின்ற இடத்தில் மூச்சு வாங்காமல் ஒரு பக்க வசனம் பேசினால் நான் பாப்கார்ன் வாங்கப் போய்விடுவேன்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் குண்டு போட அவ்வளவு நேரமா ஆகும்?

ஆகும். கம்பெனிப் படையிடம் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ என்று செல்லப் பெயர் வைத்த சக்கிமுக்கித் துப்பாக்கி. குழாயின் விட்டம் முக்கால் அங்குலம். உள்ளே மரை கிடையாது, வழவழப்பான குழாய். அதில் குண்டு போடுவது இப்படி.

பையிலிருந்து காகிதத் தோட்டாவை எடுக்க வேண்டும். வெடிமருந்தும் ஈயக் குண்டும் சேர்த்துச் சுருட்டிய காகிதம் அது. நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைக் குழாயின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் கொட்டி மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, மீதி மருந்தைக் குழாய் வாயில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே தள்ள வேண்டும். குழாய்க்கு அடியில் செருகியிருக்கும் இரும்புக் கம்பியை உருவி, அடிவரை இடித்து, கம்பியைப் பழைய இடத்தில் செருக வேண்டும். பிறகு சக்கிமுக்கிக் கல் பொருத்திய ‘குதிரை’ என்ற சுத்தியலைப் பின்னால் இழுத்து, தோளில் வைத்து, விசையை அழுத்த வேண்டும். கல் உரசி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, அந்த நெருப்பு துளை வழியாக உள்ளே போய்த்தான் குண்டு கிளம்பும். கல் மழுங்கியிருந்தாலோ மருந்து நமுத்திருந்தாலோ கிண்ணத்தில் மட்டும் ‘புஸ்’ என்று எரிந்து அடங்கிவிடும்.

நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு 3 முறை சுடலாம். பயத்தில் கை நடுங்குபவன் இடித்த கம்பியை உருவ மறந்து, குண்டோடு சேர்த்துச் சுட்டுவிடுவதும் உண்டு. கம்பி போனால் அன்றைக்கு அவன் துப்பாக்கியும் போனது மாதிரிதான். இதை ஒரு தமிழ்ப் படத்திலும் நான் பார்த்ததில்லை. எவ்வளவு நல்ல காட்சி, யாராவது எடுக்கலாம்.

பாளையக்காரர் பக்கம் இருந்த துப்பாக்கிகளில் பெரும்பகுதி திரித் துப்பாக்கி. எரிகிற திரியை ஒரு கையில் பாதுகாத்துக்கொண்டு மறு கையில் மருந்தைக் கொட்ட வேண்டும். இன்னும் மெதுவாகத்தான் சுட முடியும். ராத்திரியில் திரியின் கனல் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். திரித் துப்பாக்கியோடு இருட்டில் பதுங்கியிருக்கும் ஆட்கள் என்று காட்சி வைத்தால் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் தெரிய வேண்டும்.

படத்தில் புகையே வருவதில்லையே, நிஜத்திலும் அப்படித்தானா?

இல்லவே இல்லை. நம்ம ஊர்க் கோயில் கொடையில் இரும்புக் குழாயில் கருமருந்தைத் திணித்து வேட்டுப் போடுவார்களே, அதன் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வேட்டுக்கே வெள்ளைப் புகை எழும்பி, காற்று இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும், கந்தக நெடி மூக்கில் ஏறும். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அந்த மருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையும் கரியுமாகத்தான் வெளியே வருகிறது. வரிசையாக 200 பேர் சேர்ந்து சுட்டால் எதிரில் நிற்பவன் தெரிய மாட்டான். புகை விலகும்வரை இரண்டாவது வரிசை குத்துமதிப்பாகத்தான் சுடும். குழாயும் சீக்கிரம் கரி பிடித்து, குண்டு இறங்க மறுக்கும்.

புகையில்லா மருந்து பிரான்ஸில் 1884-ல்தான் வந்தது. நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் ஆலை தொடங்கியது அதற்கும் பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆகவே 1799-ல் நடக்கும் கதையில் பளிச்சென்று வானம் தெரிந்தால் அது தவறு. ஒளிப்பதிவாளருக்குப் புகை பிடிக்காது, கதாநாயகன் முகம் மறைந்துவிடும் என்று பயம். எனக்கு அந்தக் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் இரண்டு ஷாட்டாவது வைத்திருக்கலாம்.

அண்ணாச்சி, அவ்வளவு துப்பாக்கிக்கு முன்னால் வேல்கம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது வெறும் வீர வசனம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையப் பேசப் பிடிக்கும். மேலே சொன்ன 20 நொடியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மரை இல்லாத குழாயிலிருந்து போகும் குண்டு 100 கஜத்தில், அதாவது 90 மீட்டர் தூரத்தில், தனி ஆளைக் குறிபார்த்து அடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எதிரி நெருங்கும்வரை காத்திருந்து எல்லாரும் சேர்ந்து சுடுவார்கள். சுட்டபிறகு மறுபடி குண்டு போட 20 நொடி. காலில் செருப்பில்லாமல் கரிசலில் ஓடிப் பழகிய இளவட்டம் 90 மீட்டரை 20 நொடிக்குள் கடந்துவிடுவான். முதல் வெடியில் விழாதவன், இரண்டாவது வெடிக்கு முன்னால் வேலோடு வந்து நிற்பான். சிப்பாயிடம் அப்போது இருப்பது துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிக் கத்தி மட்டும். கத்தியையும் சேர்த்து மொத்த நீளம் சுமார் 6 அடி.

எதிரே என்ன இருந்தது தெரியுமா? பாஞ்சாலங்குறிச்சியில் கம்பெனிப் பக்கம் நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்: கோட்டைக்குள் இருந்தவர்கள் கையில் 18 முதல் 20 அடி நீளமுள்ள ஈட்டிகள். இடிந்த மதில்மேல் ஏறி வருபவனைக் கீழே மறைவாக நின்றபடியே குத்தித் தள்ளினார்கள். மேலே நிற்பவனுக்குக் குத்துபவனின் முகம்கூடத் தெரியாது. துப்பாக்கி பெரிய ஆயுதம்தான், ஆனால் அந்தக் குறுகலான இடைவெளியில் நீளமான ஈட்டிதான் ராஜா.

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார், பிடிக்க முடியவில்லை. 1801 மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே தாக்கினார், அதுவும் தோல்வி. பெரிய பீரங்கிகள் வந்து சேர்ந்து, கர்னல் அக்னியூ தலைமையில் 1801 மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. வேலும் ஈட்டியும் வெறும் அலங்காரம் என்றால் இவ்வளவு நாள் ஏன் ஆனது?

அதே சமயம் இன்னொரு பொய்யையும் சொல்லிவிட வேண்டும். கதாநாயகன் 300 துப்பாக்கிக்கு நேராக, திறந்த வெளியில், குதிரைமேல் போய்க் கீறல் படாமல் திரும்புவது. கம்பெனி வரிசைகள் மாற்றி மாற்றிச் சுடும். நடுவில் நிற்கும் சின்னப் பீரங்கியிலிருந்து சிறு குண்டுகளை அடைத்த தகரக் குப்பி ஒன்று கிளம்பினால் 20 பேர் சேர்ந்து சாய்வார்கள். திறந்த வெளி கம்பெனிக்குச் சாதகம், மதில், முள், இருட்டு இதெல்லாம் பாளையக்காரருக்குச் சாதகம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற படம் பாதி ஜெயித்த படம்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கல்கோட்டையாகக் காட்டுவது சரியா?

தப்பு. நாம் இன்றைக்கு அங்கே போய்ப் பார்ப்பது 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே படத்துக்கும் செட் போடுகிறார்கள்.

அசல் கோட்டை மண் கோட்டை. வெல்ஷ் கணக்குப்படி சுமார் 500 அடிக்கு 300 அடி, சுவர் உயரம் 12 அடி அளவில், சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள், சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது. படத்தில் வருகிற மாதிரி யானை நுழையும் வாசலும், மேலே நின்றால் தலை சுற்றும் மதிலும் அங்கே இருந்ததில்லை.

மண் என்றதும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் பிளக்கும், சில்லு தெறித்து உள்ளே நிற்பவனைக் கொல்லும். கெட்டியான மண்சுவரோ குண்டை விழுங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால்தான் சரியும். இன்னொரு வசதியும் உண்டு. 1799-ல் கம்பெனி இந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், கொஞ்ச நாளிலேயே கோட்டை மறுபடி எழுந்து நின்றது. திரும்பி வந்த கம்பெனிப் படை அதைப் பார்த்துத் திகைத்தது. கல்லில் கட்டியிருந்தால் இது நடந்திருக்குமா? ஊரே கூடி ராப்பகலாக மண் மிதித்துச் சுவர் எழுப்பும் காட்சியை விட்டுவிட்டு, கிராபிக்ஸில் கல்கோட்டை கட்டுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

கல்கோட்டை காட்டியே ஆக வேண்டும் என்றால் அது எதிர்ப்பக்கம் இருந்தது. பாளையங்கோட்டைதான் கல்கோட்டை, அது கம்பெனியின் கையில்.

பீரங்கிக் குண்டு விழுந்த இடத்தில் தீப்பிழம்பு எழும்புமா?

பெரும்பாலும் எழும்பாது. அன்றைக்குப் பீரங்கியில் அதிகம் போட்டது கெட்டி இரும்பு உருண்டை. 6 பவுண்டு என்றால் 2.7 கிலோ, 12 பவுண்டு என்றால் 5.4 கிலோ, 18 பவுண்டு என்றால் 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அது வெடிக்காது. தரையில் பட்டு எகிறி, உருண்டு, வழியில் இருக்கும் கை காலைப் பிய்த்துக்கொண்டு போகும். மெதுவாக உருளுகிறதே என்று காலால் நிறுத்தப் பார்த்தவர்கள் பாதத்தை இழந்திருக்கிறார்கள். உள்ளே மருந்து வைத்து வெடிக்கும் குண்டும் அக்காலத்தில் உண்டு. அதைக் குட்டையான சிறப்புப் பீரங்கிகளிலிருந்து மேல்நோக்கி எறிவார்கள்.

வெடிப்பு எப்படி இருக்கும் என்று நம்ம பக்கம் கல்குவாரி இருக்கும் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். முதலில் தரை அதிரும், புழுதி எழும்பும், கல் மழை பொழியும், சத்தம் அப்புறம்தான் வரும். ஆரஞ்சு நிறப் பந்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். படத்தில் அது வருவது பெட்ரோல் ஊற்றி வைப்பதால்.

சத்தமும் ஒரு சோதனை. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய 3 நொடி ஆகும். தூரத்துப் பீரங்கியில் புகை கிளம்பும் அதே நொடியில் ‘டமால்’ கேட்டால் ஒலிப் பொறியாளர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். சுட்டபிறகு பீரங்கி பின்னால் ஓட வேண்டும், ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி நிறுத்த வேண்டும். ஒரு 18 பவுண்டுப் பீரங்கியின் இரும்புக் குழாய் மட்டும் சுமார் 2 டன். மாடுகள் பூட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். மழை பெய்த கரிசலில் அது எப்படிப் புதையும் என்று விளாத்திகுளம் பக்கம் டிராக்டர் ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

வளரி எறிந்தால் திரும்பிக் கைக்கு வருமா?

சினிமாவில் வரும். சண்டையில் வர வேண்டிய அவசியமே இல்லை. எதிரியின் முழங்காலையோ தலையையோ அடித்து வீழ்த்த எறிவது அது. பட்டபிறகு கீழேதான் கிடக்கும். பிறை மாதிரி வளைந்து, ஒரு முனை கனமாக இருக்கும். மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள்.

தேர்ந்த கையில் 100 கஜத்துக்குள் எந்த தூரத்திலும் குறி தப்பாமல் எறியலாம் என்று முன்னே சொன்ன வெல்ஷே எழுதுகிறார். தனக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தது சிவகங்கைச் சின்ன மருது என்றும் சொல்கிறார். பின்னாளில் அதே மருதுவுக்கு எதிரான சண்டைக்கு இந்த ஆள் போனார். இதை வைத்தே ஒரு படம் எடுக்கலாம்.

சிலம்பம் சுற்றித் துப்பாக்கிக் குண்டைத் தடுக்க முடியுமா?

முடியாது. ஆசானிடம் போய் இப்படிக் கேட்டுவிடாதீர்கள், முதல் அடி உங்களுக்குத்தான்.

வாள் சண்டை?

தோல் உறையிலிருந்து உருவும்போது ‘ஷ்ஷிங்’ என்று சத்தம் வராது. வாள் ஒரு கிலோ அளவில்தான் இருக்கும், பத்துக் கிலோ தூக்குகிற மாதிரி முக்க வேண்டியதில்லை. இரண்டு வாளைக் குறுக்கே வைத்து முகத்துக்கு முகம் வசனம் பேசுவது நாடக மேடையிலிருந்து வந்தது. நிஜத்தில் வெட்டு கேடயத்தில் விழும். கேடயம் இல்லாமல் வாள் மட்டும் வைத்துக்கொண்டு படை முழுக்க நின்றால் அது தயாரிப்புச் செலவைக் குறைக்கும் வேலை.

வெள்ளைக்காரப் படையைக் காட்டுவதில் எதைக் கவனிக்கலாம்?

முதலில், அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்களே இல்லை. கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்கள், நம்ம பக்கத்து ஆட்கள்தான். சிவப்புச் சட்டை, தலைப்பாகை. வெள்ளைக்கார அதிகாரிகள் சிலரும், ஐரோப்பியச் சிப்பாய்கள் கொஞ்சமும் கூட இருப்பார்கள். எட்டயபுரம் பாளையத்தின் ஆட்களும் அவர்களோடு நின்றார்கள். அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை முகம், இந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு முகம் என்று பிரித்தால் கதை சுலபமாக ஓடும், சரித்திரம் ஓடாது.

அப்புறம் உடுப்பு. காக்கி ராணுவத்துக்குள் வந்தது 1840-களில். வெயிலுக்குப் போடும் அந்த வெள்ளைச் சோளாத் தொப்பியும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியதுதான். சுழலும் ரிவால்வரைக் கோல்ட் 1836-ல்தான் காப்புரிமை வாங்கினார். பானர்மேன் இடுப்பில் ரிவால்வர் தொங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

எனக்குப் பிடித்த சோதனை கொடி. இப்போது நாம் பார்க்கும் பிரிட்டிஷ் கொடியில் மூலைக்கு மூலை ஓடும் வெள்ளைக் குறுக்குப் பட்டைகளுக்குள் சிவப்புப் பட்டைகள் இருக்கும். அது அயர்லாந்துக்காக 1801 ஜனவரி 1 அன்று சேர்த்தது. ஆக, கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட 1799 அக்டோபர் 16 அன்று அந்தச் சிவப்புப் பட்டை இருக்கக் கூடாது. ஊமைத்துரை சண்டையில் இருந்தால் பரவாயில்லை. கம்பெனிக்கோ சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோடு போட்ட தனிக் கொடியே இருந்தது. இதை இதுவரை எந்தத் திரையிலும் பார்த்த நினைவில்லை.

பின்னணியில் என்ன தப்பு வரும்?

சீமைக்கருவேலம். 1799-ல் நடக்கும் சண்டைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. அது வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். கோட்டையைச் சுற்றி முள் வேண்டுமென்றால் குடை மாதிரி விரியும் நம்ம உடைமரத்தை நடுங்கள். அப்புறம் கயத்தாறில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்றாலை. அதை அழிக்க கிராபிக்ஸ்காரர்களுக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

மணியாச்சியில் ஆஷைச் சுட்டது என்ன துப்பாக்கி? படத்தில் ரிவால்வர் காட்டுகிறார்களே?

இது போர் இல்லை, ஆனாலும் நம்ம ஊர்க் கதை, கேட்காமல் இருக்க மாட்டார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அது தட்டையாக இருக்கும், குண்டுகள் கைப்பிடிக்குள் இருக்கும். உருளை சுழலாது. சுட்டதும் காலித் தோட்டா வெளியே தெறிக்கும்.

அருவாள் இல்லாமல் நெல்லைப் படமா? அதிலாவது நிஜம் இருக்கிறதா?

கதை நெல்லையில் நடக்கிறது என்று சொல்ல ஒரு அருவாளைக் காட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் தனிப் பஞ்சாயத்து. ஆயுதத்தை மட்டும் சொல்கிறேன். பட்டறையில் அடித்த அருவாள் கறுத்துத்தான் இருக்கும், தீட்டிய விளிம்பு மட்டும் மின்னும். படத்தில் முழுவதும் எவர்சில்வர் தட்டு போலப் பளபளக்கிறது. தார் ரோட்டில் உரசித் தீப்பொறி பறக்க இழுத்துக்கொண்டு வருவான் வில்லன். பொறி பறக்கும், சரி. ஆனால் வாய் மழுங்கிவிடும். அரைமணி நேரம் உட்கார்ந்து தீட்டியவன் எவனும் அப்படி இழுக்க மாட்டான்.

இந்தக் காலத்துப் போர்ப் படங்களை எப்படிப் பார்ப்பது?

இடைவெளிக் கணக்கே இங்கேயும் உதவும். ஏகே 47 விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 600 குண்டு வேகத்தில் சுடும். அதன் குண்டுப் பெட்டியில் இருப்பது 30. மூன்றே நொடியில் காலி. படத்தில் அரை நிமிடம் விடாமல் சுடுகிறார்கள். நிஜமாகப் பயிற்சி பெற்றவன் ஒன்றொன்றாக, இரண்டிரண்டாகச் சுடுவான், சுவருக்குப் பின்னால் குனிந்து பெட்டியை மாற்றுவான், மாற்றும்போது பக்கத்தில் இருப்பவனிடம் கத்திச் சொல்வான்.

காலத்துக்கு ஏற்ற துப்பாக்கியா என்று பாருங்கள். 1962 சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் வைத்திருந்தது ஒவ்வொரு சுடுதலுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுக்கும் பழைய .303. பெட்டியில் 10 குண்டு. 1971-ல் எஸ்எல்ஆர், 20 குண்டு, ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு. கார்கிலில் இன்சாஸ். அது ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டுவரை போகும், தொடர்ந்து பொழியாது. 1971 கதையில் நம் ஆள் நின்றபடி சரமாரியாகப் பொழிந்தால் கையில் இருப்பது இலகு இயந்திரத் துப்பாக்கியாகவாவது இருக்க வேண்டும்.

கையெறி குண்டின் ஊசியைப் பல்லால் இழுத்தால் பல்தான் வரும். ஊசியை இழுத்து, குண்டைக் கையிலிருந்து விட்டபிறகு வெடிக்க சுமார் 4 நொடி. நெருப்பைவிடச் சில்லுதான் ஆளைக் கொல்லும்.

கார்கில் படங்களில் என் மனக்குறை வேறு. 1999-ல் அந்த மலைகளில் 16,000 அடிக்கு மேல் ஏறிச் சண்டை போட்டார்கள். அங்கே கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியை ஒட்டித்தான். நாலு எட்டு வைத்தால் நிற்க வேண்டும். படத்திலோ கடற்கரையில் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டே கோஷம் போடுகிறார்கள். இன்னொன்று, அந்தப் போரில் பெரும் வேலை பார்த்தது போஃபர்ஸ் முதலான பீரங்கிகள். ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஷெல்லும் ராக்கெட்டும் சுட்டார்கள். போஃபர்ஸ் ஷெல் ஒன்றின் எடையே 40 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கித் தூக்கிப் போட்ட கைகளைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மாமாமார்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

சினிமாத்தனமாகத் தெரிந்தாலும் நிஜமாக நடந்தது எதாவது உண்டா?

உண்டு. 1801 மே மாதம் கோட்டை விழுந்தபிறகு நடந்ததாக வெல்ஷ் எழுதியது இது. காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு நடுவில் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். உயிர் போகும் நிலையில் கிடந்த மகன், ‘என்னை விடு ஆத்தா, சாமியைக் காப்பாத்து’ என்கிற அர்த்தத்தில் சொல்லி, பக்கத்தில் காயத்தோடு கிடந்த ஊமைத்துரையைக் காட்டுகிறான். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது, அவர்மேல் துணியைப் போர்த்தி, பெரியம்மையில் செத்துவிட்டான் என்று ஓலமிடுகிறார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டம்.

யாராவது இதைத் திரைக்கதையில் எழுதினால் ‘நம்பும்படி இல்லை’ என்று நாமே சொல்வோம். ஆனால் அம்மைத் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்ததே 1802-ல்தான். அதற்கு முன்னால் ‘அம்மை’ என்ற ஒரு சொல்லுக்கு ஆயுதம் ஏந்தியவனும் பயந்தான். எதிரி சொல்லியிருப்பதால் நம்மவர் கட்டிவிட்ட கதை என்றும் ஒதுக்க முடியாது.

இப்படி ஒவ்வொன்றாகக் குறை சொன்னால் படத்தை எப்படி ரசிப்பது?

நான் ரசித்துத்தான் பார்க்கிறேன். பொத்தான் தப்பு, உடுப்பின் நிறம் தப்பு என்பதையெல்லாம் மன்னித்துவிடுவேன், கொடியைக்கூட. படத்துக்குக் காசு வேண்டும், நாள் வேண்டும், நடிகரின் கால்ஷீட் வேண்டும். நேரத்தையும் எடையையும் ஏமாற்றுவதுதான் மன்னிக்க முடியாதது. ஏனென்றால் அந்த 20 நொடியை எடுத்துவிட்டால் எதிரே ஓடிவந்தவனின் துணிச்சலுக்கு அளவே இல்லாமல் போய்விடுகிறது. எவ்வளவு ஆபத்து, எவ்வளவு வாய்ப்பு என்று தெரிந்துதானே அவன் ஓடினான். பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைப் படம் ஓடும்போது விளக்காமல் இருந்தால் போதும்.

அந்த ஆயுதங்களை நேரில் பார்க்க முடியுமா? நம்ம ஊரில் ஏன் அதிகம் கிடைப்பதில்லை?

கிடைக்காததற்குக் காரணம் சட்டம். சண்டை முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதம் வைத்திருக்கத் தடை. கோட்டைகள் இடிக்கப்பட்டன, வேலும் வாளும் துப்பாக்கியும் பறிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் கையில் இருந்தவை அப்படித்தான் காணாமல் போயின. கம்பு மட்டும் மிச்சம், அதனால் சிலம்பமும் மிச்சம்.

வளரியும் வாள்களும் பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் இருக்கிறது. இங்கேயே சுற்ற நினைப்பவர்கள் ஒரே நாளில் கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி இரண்டையும் முடித்துவிடலாம். பாஞ்சாலங்குறிச்சி 1986-க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. ஒட்டப்பிடாரத்திலிருந்து பக்கம்தான். நினைவுக் கோட்டையோடு திரும்பிவிடாமல், பழைய கோட்டை இருந்த இடத்தையும், சண்டையில் செத்த கம்பெனி அதிகாரிகளின் கல்லறைகளையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். பூலித்தேவரின் நெற்கட்டும்செவலுக்குப் போக வேண்டுமென்றால் அது எதிர்த்திசை, இப்போது தென்காசி மாவட்டம், அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வெயில் காலம் என்றால் விடியற்காலமே கிளம்பிவிடுங்கள், கரிசல் காட்டில் பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது.